தொட்டி விளக்கை அணைத்தவர்

"கையெழுத்து பொய் சொல்லாது சார்" என்றாள் தந்தி. "பொய் சொல்ல மூளை வேணும். அது கைக்குக் கிடையாது."

துப்பறிவாளர் மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியறையில், போன மாதம் இறந்துபோன ஒரு பெண்மணியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அவளுடைய பழைய நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்துத்தான் காவல் நிலையத்தில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை நம்பி அசட்டையாக இருந்த ஆசாமிகள் பலர் இப்போது கம்பி எண்ணுகிறார்கள். ஆனால் இன்றைக்கு அவர் நடிக்கவில்லை. முந்தைய வழக்கு அவரைப் பிழிந்து காயப்போட்டிருந்தது. முழங்கால் வலித்தது. இந்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான் அவருடைய லட்சியம்.

உதவியாளர் தந்திக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். சாட்சி சொன்னதோடு தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து அடித்ததால் வேலை போயிற்று. தந்தி அடிக்கிற மாதிரி பேச்சு கட்டுக்கட்டு என்று வரும். அதனால் அந்தப் பெயர்.

வழக்கு பார்வைக்குச் சின்னது. நாற்பது வருடங்களுக்கு முன்னால் போர் மூண்ட முதல் இரவில், இந்தக் கடைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் குடியிருப்பின் மேல் குண்டு விழுந்தது. ஊரே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, விமானத்துக்கு இடம் எப்படித் தெரிந்தது? எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் உச்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று ஊர் முடிவு கட்டியது. அபாயச் சங்கை ஊதிவிட்டு மேலே ஏறி அந்த விளக்கை அணைப்பது தொட்டிக் காவலாளியின் வேலை. 'அணைச்சுட்டேன்' என்று அவர் ஒரு தடவை சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை போயிற்று, மரியாதை போயிற்று. தொட்டிக்காரன் என்பது இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு வசவு.

இப்போது இறந்தவர்களுக்கு நினைவுக் கல் நடப் போகிறார்கள். பெயர்களை வெட்டியாயிற்று. மேலே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 'தொட்டிக் காவலாளியின் கவனக்குறைவால் குண்டு விழுந்து உயிர் நீத்தவர்கள்' என்று அங்கே வரப் போகிறது. தொட்டிக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார், மகள் வீட்டில், மூச்சுக்குப் போராடிக்கொண்டு. மகள் நர்ஸ் வேலை பார்க்கிறவள். துப்பறிவாளரைத் தேடி வந்தது அவள்தான். "அப்பா கண்ணை மூடறதுக்குள்ள அந்த வரி போகணும் சார். அவர் செத்த பிறகும் கல்லு நின்னு திட்டிக்கிட்டே இருக்கும்" என்றாள்.

அவள் நல்ல நேரம், கண்ணாடிக் கடைக்காரர் தன் அம்மாவின் அலமாரியைக் காலி செய்யும்போது இந்த நாட்குறிப்பு கிடைத்தது. படித்த கையோடு நர்ஸிடம் ஓடி, 'உங்கப்பா மேல தப்பே இல்லைங்க' என்று நல்ல செய்தி சொன்னவர் அவர். ஆனால் நினைவுக் கல் குழுத் தலைவர் லேசில் மசியவில்லை. இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது இது? துப்பறிவாளர் பார்த்து அசல் என்று சொன்னால் வரியை எடுத்துவிடுகிறேன், அந்தப் பக்கத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊருக்குக் காட்டிவிடலாம், கல்தச்சர் உளியோடு காத்திருக்கிறார், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றார்.

"அசல்தான்" என்றார் துப்பறிவாளர். "மளிகைச் சீட்டு, பிள்ளையோட ஸ்கூல் நோட்டுல போட்ட கையெழுத்து, எல்லாம் ஒத்துப்போகுது. அதைவிட, இதைப் பாரு. இதைப் பொய்யா எழுத முடியாது."

தந்தி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்மணி பொத்தான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். போர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் எழுதியிருந்தாள்:

'வானொலியில் சமாதானப் பேச்சு நடக்கிறது என்கிறார்கள். தொழிற்சாலையில் எங்கள் பிரிவில் இன்றைக்கு வண்ணப் பொத்தான் அச்சுகளை எல்லாம் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். இனிமேல் பித்தளைப் பொத்தான் மட்டும்தானாம். இத்தனை சட்டை யாருக்கு என்று கேட்டேன். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.'

"சண்டை வரும்னு மந்திரிக்குத் தெரியறதுக்கு முன்னாடி பட்டாளத்துப் பொத்தானுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் தந்தி.

அடுத்த பக்கங்களில் போர் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. சோப்பு கிடைக்கவில்லை. கணவனைப் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். அவன் போகும்போது குடையை எடுத்துப் போகலாமா என்று கேட்டானாம், இவள் சிரித்துவிட்டாளாம், பிறகு ராத்திரியெல்லாம் அதை நினைத்து அழுதாளாம். பள்ளிக்கூடத்தை மூடியதும் பிள்ளைகள் தெருவில் ஆட்டம் போட்டன. 'ஜன்னலுக்கு ஒட்டக் கறுப்புத் தாள் கேட்டேன். தீர்ந்துவிட்டதாம். முதலில் போனவர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போய்விட்டார்கள். நாளைக்கு வரும் என்கிறார் கடைக்காரர்.'

அதற்கு அடுத்த பக்கம்தான் எல்லாரும் பேசும் பக்கம். துப்பறிவாளர் அதைப் பலமுறை படித்திருந்தார். மறுபடியும் படித்தார்.

'சங்கு ஊதிவிட்டது. தெரு முழுக்க இருட்டு. சின்னவன் இருட்டுக்குப் பயந்து வீறிட்டு அழுதான். ஒரு வழியாகச் சமாதானமாகி மடியில் கிடக்கிறான். எதிரே தொட்டிக்காரர் இப்போதுதான் மேலே ஏறி உச்சி விளக்கை அணைக்கிறார். பாவம், எத்தனை படி. விமானச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.'

அதோடு சரி. பிறகு பல பக்கங்கள் வெற்றாக இருந்தன.

"நல்லவேளை 'விளக்கை'ன்னு எழுதினாங்க" என்றாள் தந்தி. "வெறுமனே 'அணைக்கிறார்'னு விட்டிருந்தா தலைவர் வேற கேஸ் போட்டிருப்பார்."

வழக்கமாக இந்த மாதிரிக் கிண்டலுக்குத் துப்பறிவாளரின் மீசையாவது அசையும். இன்றைக்கு அசையவில்லை. பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். வரிகள் கோட்டின் மேல் பிசகாமல், மெஷினில் தைத்த தையல் மாதிரி நேராக ஓடின. புள்ளிகள்கூட எழுத்தின் தலைக்கு நேராக உட்கார்ந்திருந்தன.

"இங்க வெளிச்சமே இல்லாத ரூம் ஏதாவது இருக்கா?" என்று கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

சாந்தமான மனிதர் கடைக்காரர். நாற்பதைத் தாண்டியவர். "லென்ஸ் வைக்கிற ரூம் இருக்கு சார். ஜன்னல் கிடையாது. எதுக்கு, தூங்கவா?"

"இவரைப் பார்த்தா எல்லாரும் இதைத்தான் கேட்கறாங்க" என்றாள் தந்தி.

துப்பறிவாளர் அவளிடம் கோடு போட்ட தாளையும் பேனாவையும் கொடுத்து, அந்த அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். "நாலு வரி எழுது. என்ன வேணா எழுது."

கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து தாளை நீட்டினாள். 'என் முதலாளிக்குத் தூக்கம் வருகிறது, எனக்குப் பசி வருகிறது' என்று எழுதியிருக்கிறாளாம். அவளே சொன்னால்தான் தெரியும். முதல் வரி மேலே ஏறி, இரண்டாவது வரி அதன் மேல் படுத்து, புள்ளிகள் எல்லாம் வீட்டை விட்டு ஓடிப்போயிருந்தன. கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது.

துப்பறிவாளர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "உங்கம்மா ராத்திரியில எழுதற பழக்கம் உண்டா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"ஊஹூம். எனக்கு நினைவு தெரிஞ்சு, சாயங்காலம் ஆனா பேனாவையே தொட மாட்டாங்க. அதைவிட வேடிக்கை, இந்த ரூம்ல விளக்கே போட மாட்டாங்க. இருட்டுல உட்கார்ந்திருப்பாங்க. கரண்டை மிச்சம் பிடிச்சுக் கோட்டை கட்டப் போறியாம்மான்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பாங்க."

துப்பறிவாளர் ஜன்னலைப் பார்த்தார். எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பழைய தண்ணீர்த் தொட்டி நான்கு கால்களில் நின்றுகொண்டிருந்தது. உச்சியில் நிற்கிறவனுக்கு இந்த மேசை நன்றாகத் தெரியும். அவருக்குத் திடீரென்று இந்த வேலையே வெறுத்துப்போயிற்று. அசல் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கியிருக்கலாம்.

"கிளம்பலாம்" என்றார். "நோட்டோட நீங்களும் வாங்க. நர்ஸ் வீட்டுக்குப் போகணும்."

கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தந்தி பின்தங்கி, குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நான் நினைக்கறதைத்தான் நீங்களும் நினைக்கறீங்களா?"

"நீ எதையும் நினைக்காம வா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அந்த ஆள் மூஞ்சியைப் பாருங்க சார். ஏதோ நல்ல காரியம் பண்ணிட்ட மாதிரி நடந்து போறார்."

"அதனாலதான் சொல்றேன், பேசாம வா."

நர்ஸ் சீருடையிலேயே கதவைத் திறந்தாள். துப்பறிவாளர் 'அசல்' என்று ஒற்றை வார்த்தை சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏமாற்றமாகிவிடக் கூடாதே என்று நாட்குறிப்பைப் பற்றி அப்பாவிடம் அதுவரை மூச்சு விடாமல் இருந்தவள், இப்போது அவர் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, கடைக்காரர் கையிலிருந்து நோட்டை வாங்கி உரக்கப் படித்தாள். "உச்சி விளக்கை அணைக்கிறார்" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள்.

தொட்டிக்காரர் எலும்பும் தோலுமாக இருந்தார். முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

"யார் எழுதினது?"

"எதிர்வீட்டுல இருந்தாங்களேப்பா, பொத்தான் ஃபாக்டரி அம்மா. இவர் அவங்க பையன்."

கிழவர் கடைக்காரரை வெகு நேரம் பார்த்தார். "நீதான் அந்தச் சின்னவனா?" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நோட்டை மூடு. அதுல எழுதியிருக்கிறது தப்பு. நான் விளக்கை அணைக்கல."

 நர்ஸ் நோட்டை மூடாமல் அவரைப் பார்த்தாள். "என்னப்பா உளர்றீங்க? அணைச்சேன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"பயந்து சொன்னேன். வேலை போயிடும்னு பொய் சொன்னேன். அந்தம்மா யாரையோ பார்த்துட்டு எழுதியிருக்கா. நான் தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீங்க" என்றார் துப்பறிவாளர், கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எங்க தூங்கினீங்க?"

"தொட்டிக்குக் கீழ. என் ரூம்ல."

"சங்கு எங்க இருந்தது?"

"அதே ரூம்லதான்."

"அன்னைக்கு ஊதினது யாரு?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தூக்கத்துலயே சங்கு ஊதினீங்களா ஐயா?" என்றாள் தந்தி. "எங்க சார்கூட இவ்வளவு தூரம் வரல."

நர்ஸ் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஏம்ப்பா பொய் சொல்றீங்க? நாப்பது வருஷம் கழிச்சு ஒரு நல்லது வருது, அதையும் எட்டி உதைக்கறீங்களே. சார், எது நிஜம்? நீங்களே சொல்லுங்க."

துப்பறிவாளருக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிக்குள் வைத்து ஊரே வரிசையில் நின்று படிக்கப் போகிறது. ஊரில் ஒரு ஆளுக்காவது மூளை இருக்கும். கூட்டத்துக்கு நடுவே யாரோ ஒருவன் உரக்கக் கேட்பதைவிட, இந்த நான்கு சுவருக்குள் தெரிவது மேல். இப்படி மேல் என்று நினைத்துச் செய்த காரியங்களெல்லாம் அவரை எத்தனையோ இரவு தூங்கவிடாமல் செய்திருக்கின்றன.

"தம்பி" என்றார் கடைக்காரரிடம். "அந்தப் பக்கத்தை நீங்க ஒரு தடவை படிங்க. நிதானமா."

கிழவர் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். கைக்கு எட்டவில்லை. கடைக்காரர் ஒன்றும் புரியாமல் படிக்க ஆரம்பித்தார். "சங்கு ஊதிவிட்டது. தெரு முழுக்க இருட்டு. சின்னவன் இருட்டுக்குப் பயந்து வீறிட்டு அழுதான்." இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தார். "ஒரு வழியாகச் சமாதானமாகி மடியில் கிடக்கிறான். எதிரே தொட்டிக்காரர் இப்போதுதான்..."

படிப்பதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இப்போதுதான்னா," என்றார் மெதுவாக, "பார்த்துக்கிட்டே எழுதியிருக்காங்க."

அவர் விரல் முதல் வரிக்குத் திரும்பிப் போயிற்று.

"தெரு முழுக்க இருட்டு. ஐயா மேல ஏறி விளக்கை அணைக்கறார். அம்மா எழுதறாங்க. வரி கோணாம எழுதறாங்க." துப்பறிவாளரை நிமிர்ந்து பார்த்தார். "எந்த வெளிச்சத்துல சார் எழுதினாங்க?"

துப்பறிவாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெளிச்சம் வெளிய தெரியாம ஜன்னலுக்கு ஒட்டறதுக்குத் தாள் கிடைக்கலன்னு முந்தின நாள் எழுதியிருக்காங்க" என்று கடைக்காரரே தொடர்ந்தார். "நான் அழுகையை நிறுத்தினது எப்படி? விளக்கைப் போட்டிருக்காங்க. எனக்காகப் போட்டிருக்காங்க." தொட்டிக்காரரின் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, நீங்க மேல இருந்து பார்த்தீங்களா?"

கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி மறுபடியும் வந்தது.

"பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சது?"

"ஊர்ல அது ஒண்ணுதான் தெரிஞ்சது தம்பி. ஒரு பொண்ணு பிள்ளையை மடியில போட்டுக்கிட்டுக் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தா. தொண்டை கிழியக் கத்தினேன். நாலு பக்கமும் சங்கு ஊதுது, எங்க கேட்கும்? இறங்கி ஓடி வந்தேன். பாதிப் படி இறங்கறதுக்குள்ள குண்டைப் போட்டுட்டான்."

மூச்சு வாங்கியது. நர்ஸ் பழக்கத்தில் அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். அவள் முகம் மட்டும் கல்லாக இருந்தது.

"காலையில கூட்டம் கையில கல்லை வச்சுக்கிட்டு நின்னுது. அவங்களுக்கு யாரையாவது அடிச்சாகணும். விளக்கு எரிஞ்சுதுன்னாங்க. அவ கூட்டத்துக்கு நடுவுல நிக்கறா, இடுப்புல நீ. சொல்ல வாயைத் திறந்தா. நான்தான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். எனக்கு அப்ப புள்ளையா குட்டியா? ஒண்டிக்கட்டை."

"அப்புறம் நான் பிறந்தேனேப்பா" என்றாள் நர்ஸ். "ஸ்கூல்ல என் பக்கத்துல ஒருத்தியும் உட்கார மாட்டா. நிச்சயமான கல்யாணம் நின்னுபோச்சு. ஆஸ்பத்திரியிலகூட ஒரு நோயாளி, தொட்டிக்காரன் மக கையால ஊசி வேண்டாம்னான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமில்ல? அவங்க பிள்ளையைக் காப்பாத்தினீங்க. உங்க பிள்ளையை யாரு காப்பாத்தறது?"

தொட்டிக்காரர் அழுதார். நோயில்கூட அழாத மனிதர் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

கடைக்காரர் எழுந்து நின்றார். நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். "நான் தலைவர்கிட்ட போய்ச் சொல்லிடறேன் சிஸ்டர். தப்பு எங்க வீட்டுதுன்னு. அந்த வரியில எங்கம்மா பேரைப் போடட்டும். இல்ல, என் பேரைப் போடட்டும். அழுதவன் நான்தானே."

நர்ஸுக்கு அது நியாயமாகக்கூடப் பட்டிருக்கும். அவள் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது வருட ஆத்திரம் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது, ஆள் தானாகவே முன்னால் வந்து நிற்கிறான். துப்பறிவாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தொழிலில் அவருக்கு இன்னும் கணிக்கத் தெரியாத இடம் இதுதான்.

"உக்காருங்க" என்றாள் அவள் கடைசியில். "ஒரு கைப்பிள்ளை இருட்டுக்குப் பயந்து அழுததைக் கல்லுல வெட்டுவாங்களா? எங்கப்பா மேல போட்ட பழியை எடுக்கச் சொன்னேன். அதைத் தூக்கி இன்னொருத்தர் தலையில வைக்கச் சொல்லல." பிறகு துப்பறிவாளரிடம் திரும்பினாள். குரல் ஓய்ந்துபோயிருந்தது. "நோட்டு இவர்கிட்டயே இருக்கட்டும் சார். அந்த வரி மட்டும் போனா போதும்."

துப்பறிவாளர் தலைவருக்குப் போன் போட்டார். மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் அவர்.

"என்ன சார், அசலா போலியா? கல்தச்சர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"அசல். விளக்கை அணைச்சிருக்கார். காவலாளியைப் பத்தி ஒரு எழுத்து இருக்கக் கூடாது."

"சரி, எடுத்துடலாம். அந்தப் பக்கத்தைக் கொடுத்தனுப்புங்க, பெட்டி தயார்."

"பக்கம் வராது. அது அவங்க வீட்டுச் சொத்து. என் சர்ட்டிபிகேட் வரும், அதைப் பெட்டிக்குள்ள வைங்க."

"உங்க கையெழுத்தை எவன் சார் வந்து பார்ப்பான்?" தலைவர் அலுத்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். அப்ப யாரோட கவனக்குறைவுன்னு போடறது? மேல இடம் விட்டுட்டோமே. 'குண்டு விழுந்து உயிர் நீத்தவர்கள்'னு மட்டும் போட்டா மொட்டையா நிக்குமே."

துப்பறிவாளர் அறையைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் அப்பாவின் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கிழவரின் காலருகே மறுபடியும் உட்கார்ந்திருந்தார். எங்கே போட்டான் என்று பேசினார்கள், எந்த விளக்கைப் பார்த்துப் போட்டான் என்று பேசினார்கள், யாரை அடிக்கலாம் என்று பேசினார்கள். போட்டவனைப் பற்றி இந்த ஊரில் ஒருவர்கூடப் பேசவில்லை. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளன் எதற்கு என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

"'விழுந்து'ங்கறதையும் எடுத்துடுங்க சார்" என்றார்.

"ஏன், அதுல என்ன தப்பு? விழுந்ததுதானே?"

"விழல சார். போட்டாங்க."